ஊரைக் கேட்டு ஊரை வரைந்தவர்

நம்ம டிராயிங் ஹாலில் ஒரு கோடு போடுகிறோம். கோணலாப் போனா ரப்பர் எடுத்து அழிக்கிறோம். கம்ப்யூட்டர் என்றால் இன்னும் சுலபம், ஒரு பட்டனைத் தட்டினால் போச்சு. ஆனால் நாளைக்கு டிப்ளமோ முடித்து ஒரு நகராட்சி ஆபீசிலோ கன்சல்டன்சியிலோ உட்கார்ந்து அதே கோட்டைப் போடும்போது, அதற்கு அடியில் ஒரு வீடு இருக்கும். வீட்டுக்கு ஒரு திண்ணை இருக்கும். திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். அந்தப் பாட்டியைக் கேட்டுவிட்டுத்தான் கோடு போட வேண்டும் என்று நூறு வருஷத்துக்கு முன்பே சொன்ன ஒரு மனிதர் இருந்தார். அவர் தஞ்சாவூருக்கும் மதுரைக்கும் வந்து தெருத் தெருவாக நடந்திருக்கிறார். அவர் பெயர் பேட்ரிக் கெடிஸ். டவுன் பிளானிங் பாடத்தில் ஒரு வரியில் வந்து போகிற பெயர்தான். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பட்டம் வாங்காத புரொபசர்

கெடிஸ் 1854-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பாலட்டர் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா ராணுவத்தில் இருந்தவர். வளர்ந்ததெல்லாம் பெர்த் நகரத்தின் ஓரத்தில், ஒரு குன்றின் சரிவில் இருந்த சின்ன வீட்டில். தோட்ட வேலை, மலை ஏறுவது, செடி சேகரிப்பது இதெல்லாம்தான் அவருக்கு முதல் பள்ளிக்கூடம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒன்றரை வருஷம் பாங்க் வேலை பார்த்தார். கூடவே தச்சு வேலையும் கற்றுக்கொண்டார். நம்ம ஒர்க்‌ஷாப்பில் கார்ப்பென்டரி பிராக்டிகலுக்கு மூக்கைச் சுளிக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். கையால் வேலை செய்யாதவனுக்கு மூளை முழுசாக வளராது என்பது கடைசி வரைக்கும் அவருடைய கட்சி.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கச் சேர்ந்தார். ஒரே வாரத்தில் பிடிக்காமல் வெளியேறி லண்டனுக்குப் போய், டார்வின் கொள்கையை ஊரெல்லாம் எடுத்துச் சொன்ன ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்தார். ஆனால் கடைசி வரை டிகிரி மட்டும் வாங்கவே இல்லை! அப்படிப்பட்டவர் 1888 முதல் 1919 வரை டண்டீ கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். டிகிரிக்காரங்களுக்கு முன்னால் நம்ம டிப்ளமோவை நினைத்துத் தலை குனிகிற தம்பிகள் இதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

உயிரியல்காரர் ஊர் அமைப்புக்கு எப்படி வந்தார்? 1879-இல் ஆராய்ச்சிக்காக மெக்ஸிகோ போனபோது கண் பார்வை மங்கிவிட்டது. வாரக்கணக்கில் இருட்டறையில் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்தார். பார்வை ஓரளவு திரும்பினாலும், மைக்ராஸ்கோப்பில் மணிக்கணக்காகப் பார்க்க அதற்குப் பிறகு முடியவில்லை. சிறிய உயிரைக் கண்ணாடி வழியாகப் பார்க்க முடியாதவர், பெரிய உயிரை வெறுங்கண்ணால் பார்க்கத் தொடங்கினார். அவருக்கு ஊர் என்பது ஓர் உயிர். அதற்கு மூச்சு உண்டு, ரத்த ஓட்டம் உண்டு, காயம் பட்டால் வலி உண்டு.

ஒண்டுக்குடித்தனத்துக்குக் குடிபோன தம்பதி

1886-இல் அன்னா மார்ட்டனைத் திருமணம் செய்துகொண்டார். புதுசாகக் கல்யாணமான பேராசிரியர் தம்பதி எங்கே வீடு பார்ப்பார்கள்? நல்ல காற்றோட்டமான இடமாகத்தான் பார்ப்பார்கள். இவர்கள் எடின்பரோவின் பழைய நகரில், ஜேம்ஸ் கோர்ட் என்ற இடத்தில் குடியேறினார்கள். ஒரு காலத்தில் பெரிய மனிதர்கள் வாழ்ந்து, பிறகு ஏழைகளின் ஒண்டுக்குடித்தனமாகிவிட்ட அடுக்குமாடிகள் அவை. அழுக்கு, நெரிசல், நாற்றம்.

போனதும் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. தங்கள் பகுதியைக் கழுவினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள், ஜன்னலில் பூந்தொட்டி வைத்தார்கள். பார்த்த அக்கம்பக்கத்தாரும் சேர்ந்துகொண்டார்கள். மேலே இருந்து வந்த ஒரு உத்தரவுமில்லாமல் அந்த முற்றம் மாறத் தொடங்கியது. மனுஷன் அங்கே கற்ற பாடம் பெரியது: ஏழை தன் வீட்டை அழுக்காக வைத்திருப்பது அவனுக்கு அழுக்கு பிடிக்கும் என்பதால் அல்ல, எந்த நாள் இடிப்பார்களோ, எவன் காலி செய்யச் சொல்வானோ என்ற நிலையில் மனம் விட்டுப்போவதால்.

நம்ம யூனியன் மலரில் எழுதுவதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1887-இல் அதே பகுதியில் மாணவர்களுக்கு ஒரு விடுதி ஆரம்பித்தார். அங்கே வார்டன் கிடையாது! மாணவர்களே கூடிப் பேசி நிர்வாகம் செய்துகொள்ள வேண்டும். ஹாஸ்டல் மெஸ் கமிட்டிக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடுகிற நமக்கு இது ஆச்சரியம்தான்.

1892-இல் எடின்பரோ கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கோபுரக் கட்டடத்தை வாங்கினார். உச்சியில் காமிரா அப்ஸ்க்யூரா என்ற கருவி. லென்ஸும் கண்ணாடியும் சேர்ந்து வெளியே நடமாடும் நகரத்தை ஒரு வெள்ளை மேஜை மேல் அப்படியே படமாகக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு மாடியாக இறங்கினால் முதலில் எடின்பரோ, அப்புறம் ஸ்காட்லாந்து, பிறகு ஐரோப்பா, கடைசியில் உலகம் என்று வரைபடங்களும் மாதிரிகளும் இருக்கும். ஊர்க்காரன் தன் ஊரை ஒரே பார்வையில் முழுசாகப் பார்க்கட்டும். பார்த்தால்தான் அதைப் பற்றிப் பேச வருவான் என்பது கணக்கு. அந்தக் கோபுரம் இன்றும் சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் இடமாக இருக்கிறது.

அந்தக் கோபுரத்திலிருந்து கிளம்பிய ஒரு குழு பழைய நகரின் சந்து பொந்தெல்லாம் அளந்தது. இடிந்த வீட்டு மனை, குப்பை மேடு என்று எழுபதுக்கு மேற்பட்ட வெற்றிடங்களைக் கண்டுபிடித்தது. எல்லாம் சேர்ந்து சுமார் 10 ஏக்கர் தேறியது. இதில் சிலவற்றை அந்தத் தெருக் குழந்தைகளையும் பெண்களையும் சேர்த்துக்கொண்டு தோட்டமாக மாற்றினார்கள். கெடிஸின் மகள் நோராதான் இதில் முன்னால் நின்றவர். நெரிசலான ஊரிலும் இடம் இருக்கிறது, நடந்து தேடுகிறவன் கண்ணுக்குத்தான் அது தெரியும் என்பது இப்படித்தான் நிரூபணமாயிற்று.

எம்டன் செய்த காரியம்

நம்ம ஊரில் பொல்லாத ஆளைப் பார்த்து சரியான எம்டன்பா என்பார்கள் இல்லையா? அந்த எம்டனுக்கும் நம்ம கெடிஸுக்கும் ஒரு வழக்கு உண்டு.

நகரங்கள் எப்படிப் பிறந்தன, வளர்ந்தன, எங்கே கெட்டன என்று காட்டும் ஒரு பெரிய கண்காட்சியைக் கெடிஸ் பல வருஷம் உழைத்துச் சேர்த்திருந்தார். வரைபடம், ஓவியம், புகைப்படம் என்று ஆயிரக்கணக்கில். 1913-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் அதற்கு உயர்ந்த பரிசு கிடைத்தது. அதை இந்தியாவுக்குக் கொண்டுவரும்படி அழைத்தவர் அப்போதைய சென்னை மாகாண கவர்னர் பென்ட்லண்ட் பிரபு. கெடிஸும் மூத்த மகன் அலஸ்டரும் ஒரு கப்பலில் வந்தார்கள். கண்காட்சிப் பெட்டிகள் கிளான் கிராண்ட் என்ற சரக்குக் கப்பலில் வந்தன.

1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டு எண்ணெய் டாங்கிகளைக் கொளுத்திவிட்டுப் போன அதே ஜெர்மன் கப்பல் எம்டன், அக்டோபரில் கிளான் கிராண்டையும் மூழ்கடித்தது. இருபது வருஷ உழைப்பு அரபிக் கடலுக்கு அடியில்! வேறொருவராக இருந்தால் தலையில் கை வைத்துக்கொண்டு திரும்பியிருப்பார். இவர் பிரிட்டனில் இருந்த நண்பர்களுக்கு எழுதினார். அவர்கள் கிடைத்ததையெல்லாம் சேர்த்து அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தில் கண்காட்சி திறந்தே விட்டது.

தஞ்சாவூர்க் கோட்டைக்குள்ளே...

கண்காட்சிக்கு முன்னும் பின்னும் சென்னை மாகாணத்தின் ஊர்களைச் சுற்றிப் பார்த்து 1915-இல் அறிக்கைகள் எழுதினார். தஞ்சாவூர், மதுரை, கோயம்புத்தூர் எல்லாம் அதில் உண்டு.

அந்தக் காலத்து நகர மேம்பாடு என்றால் என்ன தெரியுமா? நெரிசலான தெருவா? ஸ்கேலை வை, நேராக ஒரு ரோடு வெட்டு. குறுக்கே இன்னொன்று வெட்டு. சதுரம் சதுரமாக ஊர் அழகாகிவிடும். தஞ்சாவூர்க் கோட்டைக்குள் ஒரு பகுதிக்கும் இப்படித்தான் ஒரு பிளான் தயாராகி இருந்தது. காரணமும் நல்ல காரணம்தான்: சுகாதாரம், காற்றோட்டம், சாக்கடை.

கெடிஸ் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. அந்த ரோட்டுக்கு அடியில் போகிற வீட்டுக்காரர்கள் எங்கே போவார்கள்? ஊரை விட்டா போவார்கள்? பக்கத்துத் தெருவில் ஏற்கெனவே நெரிசலாக இருக்கும் வீட்டில்தான் ஒட்டிக்கொள்வார்கள். ஆக, நெரிசலைக் குறைக்கப் போட்ட ரோடு நெரிசலைத்தான் கூட்டும். சுகாதாரத்துக்காகச் செய்தது நோயைத்தான் வளர்க்கும். ரொம்பச் சின்னக் கணக்குதான். ஆனால் ஆபீசில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாத கணக்கு.

அவர் செய்தது வேறு. வெயிலில் சந்து சந்தாக நடந்தார். எந்த வீடு உறுதியாக இருக்கிறது, எது இடிந்து கிடக்கிறது, எந்த மனை காலி, எங்கே மரம், எங்கே கிணறு, எங்கே கோயில் என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். காலி மனைகளையும் இடிபாடுகளையும் திறந்துவிட்டால் இருக்கிற சந்துகளே ஒன்றோடொன்று சேர்ந்து வழியாகும். ஒரு மூலையில் சின்ன முற்றம் வரும், மரம் வைக்கலாம், கோயிலைச் சுற்றிக் கொஞ்சம் மூச்சு விடலாம். நல்ல வீடுகளில் பெரும்பாலானவற்றைத் தொடவே வேண்டாம். செலவும் நேர்ரோடு பிளானில் ஒரு சிறு பங்குதான்.

இந்த முறைக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் காக்கும் அறுவை சிகிச்சை எனலாம். விரலில் சீழ் வைத்தால் விரலைக் கீறி மருந்து போடுவார் நல்ல டாக்டர். கையையே வெட்ட மாட்டார். வெட்டுவதற்கு முன்னால் நோயைப் பரிசோதிக்க வேண்டும் அல்லவா? முதலில் சர்வே, பிறகுதான் பிளான் என்று நாம் இன்று பாடமாகப் படிக்கிற விதியை வலியுறுத்தி நிலைநாட்டியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் இவர்தான். அவர் சொன்ன சர்வே வெறும் செயினும் லெவலும் இல்லை. அங்கே யார் வாழ்கிறார்கள், என்ன தொழில் செய்கிறார்கள், எதைக் கும்பிடுகிறார்கள் என்பதும் சர்வேயில் சேர்த்தி.

நம்ம ஊர் மக்களின் பழைய அறிவை அவர் மட்டமாகப் பார்க்கவில்லை. தேர் திரும்புவதற்காக அகலமாக விட்ட வீதியை நல்ல நகர அமைப்பு என்று மெச்சினார். தென்னாட்டுக் கோயில் நகரங்களைப் பற்றி 1919-இல் தனியாகவே எழுதினார். கொசு வருகிறது என்று குளங்களைத் தூர்க்கக் கிளம்பிய அதிகாரிகளிடம், மீனையும் வாத்தையும் விடுங்கள், கொசு முட்டையை அவை பார்த்துக்கொள்ளும், குளம் ஊரைக் குளிர்விக்கும் என்று வாதாடினார். ஏரிகளைத் தொலைத்துவிட்டு மழை வந்தால் மொட்டை மாடி ஏறுகிற நமக்கு இது சுருக்கென்று தைக்க வேண்டிய விஷயம்.

இந்தூர் தீபாவளி

1917 கெடிஸுக்குக் கொடிய வருஷம். ஏப்ரலில் மகன் அலஸ்டர் பிரான்ஸ் போர்முனையில் இறந்தான். மனைவி அன்னா இந்தியாவில் நோயாகப் படுத்திருந்தார். அந்தச் சேதியைத் தாங்க மாட்டார் என்று மறைத்து, மகனின் பழைய கடிதங்களைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஜூன் மாதம் அன்னாவும் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த மனிதர் செய்ததுதான் இந்தூர்.

ஹோல்கர் மன்னரின் இந்தூர் நகரத்தில் அப்போது பிளேக் பயம். நகரத்தைத் திருத்தக் கெடிஸை அழைத்திருந்தார்கள். அவர் வரைபடத்தோடு தெருவில் நடந்தால் ஜனங்கள் ஒதுங்கினார்கள். வீட்டை இடிக்க வந்த துரை என்று பயம். அதில் தப்பே இல்லை. அதுவரை வரைபடத்தோடு வந்தவர்கள் எல்லாம் இடிக்கத்தான் வந்தார்கள்!

கெடிஸ் மன்னரிடம் ஒரு நாள் அதிகாரம் மட்டும் கேட்டு வாங்கினார். வருகிற தீபாவளிக்கு ஒரு பெரிய ஊர்வலம் என்று அறிவித்தார். வழக்கமான பாதையில் அது போகாது. எந்தத் தெருக்காரர்கள் தங்கள் வீடுகளை அதிகமாகச் சுத்தம் செய்து பழுது பார்த்திருக்கிறார்களோ, அந்தத் தெரு வழியாகத்தான் போகும். குப்பையை வெளியே கொண்டுவந்து வைத்தால் போதும், வண்டி இலவசமாக அள்ளிக்கொண்டு போகும்.

அவ்வளவுதான்! இந்தூர் கிடுகிடுவென்று வேலையில் இறங்கியது. வண்டி வண்டியாக, ஆயிரக்கணக்கான வண்டிக் குப்பை வெளியேறியது. குப்பை போனால் எலி போகும். எலி போனால் அதன் தெள்ளுப்பூச்சி போகும். பிளேக்குக்கு இருக்க இடமில்லை. சுண்ணாம்பு அடிக்காத சுவர் இல்லை என்று ஆயிற்று.

தீபாவளி அன்று ஊர்வலத்தில் ஒரு ராட்சத எலிப் பொம்மை வந்தது, பிளேக்கின் உருவமாக. அடுத்து, ஊரைச் சுத்தம் செய்யும் துப்புரவுத் தொழிலாளர்கள் வெள்ளை உடை உடுத்தி, மாலை போட்டுக்கொண்டு, அலங்கரித்த வண்டிகளோடு நடந்து வந்தார்கள். தீண்டக்கூடாது என்று ஒதுக்கிய மனிதர்கள் தெருவின் நடுவில் மரியாதையோடு நடந்த அந்தக் காட்சிதான் ஊர்வலத்தின் உயிர் என்று நான் நினைக்கிறேன். லட்சுமியின் உருவம் வந்தது. வரப்போகும் நகரத்தின் மாதிரிகள் வந்தன. இதோ, நீங்கள் கட்டப் போகும் ஊர் இதுதான் என்று ஜனங்கள் கண்ணுக்கு நேரே காட்டினார்கள். கடைசியில் வீட்டுக்கு வீடு வைக்கத் துளசிச் செடிகள் கொடுத்தார்கள். பிளானைப் பீரோவில் பூட்டி வைக்காமல் தேரில் ஏற்றி வீதியுலா விட்டவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்! பயந்து ஒதுங்கிய அதே ஜனங்கள் அதற்குப் பிறகு அவரை வரவேற்றார்கள் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். இந்தூருக்கான அவருடைய அறிக்கை 1918-இல் இரண்டு பாகங்களாக அச்சாகியது.

குறையே இல்லையா?

இருக்கிறது. பெரியவர்களைப் பற்றி எழுதும்போது சாமியாக்கிவிடக்கூடாது. கெடிஸ் வெள்ளைக்கார ஆட்சியும் சமஸ்தானங்களும் அழைத்து வந்தவர். நம்ம ஜனங்களின் பாஷை அவருக்குத் தெரியாது. இடையில் ஒரு ஆள் சொன்னதைத்தான் கேட்டார். இந்தூரில் ஜனங்கள் கை கொடுத்தார்கள், சரி; பிளானில் எது வேண்டும் வேண்டாம் என்று அவர்கள் கையைத் தூக்கி முடிவு செய்தார்களா? இல்லை. ஏறக்குறைய ஐம்பது ஊர்களுக்கு எழுதிய அறிக்கைகளில் பெரும்பாலானவை அலமாரியில்தான் தூங்கின. என்ஜினீயர்களையே கிண்டல் செய்து எழுதினால் அவர்கள் அமுல்படுத்துவார்களா?

ஆனால் அவர் போட்ட விதை வீணாகவில்லை. 1915-இல் வந்த அவருடைய நகரங்களைப் பற்றிய நூல் உலகமெங்கும் படிக்கப்பட்டது. ஊரும் ஊரும் வளர்ந்து ஒட்டிக்கொள்வதைக் குறிக்கும் கனர்பேஷன் என்ற சொல்லை, நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற அந்தச் சொல்லை, உருவாக்கியவரும் அவரே. பிறகு பிரிட்டனில் 1970-களில் டோனி கிப்சன் என்பவர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். தங்கள் பகுதியை அட்டையில் மாதிரியாகச் செய்து மேஜை மேல் வைப்பார்கள். குடியிருப்பவர்கள் சுற்றி நின்று, இங்கே விளக்கு வேண்டும், இங்கே பிள்ளைகள் விளையாட இடம் வேண்டும் என்று சீட்டுகளை வைப்பார்கள். பேசத் தெரியாதவரும் கூச்சப்படுகிறவரும் சீட்டு வைக்கலாம் அல்லவா? இன்று பல நாடுகளில் நடக்கும் பொதுமக்கள் பட்டறைகளைப் பார்த்தால் கெடிஸின் கோபுரமும் ஊர்வலமும்தான் ஞாபகம் வருகின்றன. அவர் விட்ட குறையை, அதாவது முடிவைச் சொல்லும் உரிமையை ஜனங்கள் கையில் கொடுப்பதை, பின்னால் வந்தவர்கள் நிரப்ப முயன்றிருக்கிறார்கள்.

கடைசிக் காலம்

1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்தார். ஜகதீச சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1920-இல் வெளியிட்டார். தாகூருக்கு நண்பரானார். உடம்பு ஒத்துழைக்காமல் பிரான்சின் மோன்பெலியே நகருக்குப் போய், எழுபது வயதில் கல்லும் மண்ணுமாக ஒரு கல்லூரி கட்டத் தொடங்கினார். முன்பு ஒருமுறை வேண்டாம் என்று சொன்ன சர் பட்டத்தை 1932-இல் ஏற்றுக்கொண்டார். அதே வருஷம் ஏப்ரல் 17-ஆம் தேதி காலமானார்.

நமக்கு என்ன?

தோழர்களே, 1920-இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. ஒரு மாஸ்டர் பிளானின் வரைவை வெளியிட்டு ஜனங்களின் ஆட்சேபணையும் யோசனையும் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 1992-இல் செய்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் பெரிய ஊர்களில் வார்டு கமிட்டி வேண்டும் என்கிறது. பேப்பரில் எல்லாம் இருக்கு. ஆனால் கெஜட்டில் வரும் அறிவிப்பை எந்தப் பாட்டி படிப்பார்? நீலமும் சிவப்புமாக வண்ணம் பூசிய வரைபடத்தில் தன் வீடு எது என்று எந்த டீக்கடை அண்ணன் கண்டுபிடிப்பார்? அதைப் படித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் யார்? நாம்தான்! பெரிய என்ஜினீயர் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பார். தெருவில் டேப்பைப் பிடித்து நிற்கப் போவது டிப்ளமோக்காரன். ஜனங்கள் கேள்வி கேட்பது அவனிடம்தான். அங்கே அவன் வாயைத் திறந்து ஒழுங்காகப் பதில் சொன்னாலே பாதிப் பயம் தீரும். அவர்கள் சொல்வதை நோட்டில் எழுதிக்கொண்டு போய் மேலே சொன்னால் மீதியும் தீரும்.

அதனால் ஒரு யோசனை. இந்த வருஷ சர்வே கேம்ப் எந்தக் கிராமத்தில் நடந்தாலும் சரி, கடைசி நாள் சாயங்காலம் நாம் போட்ட ஷீட்டைக் கோயில் திண்ணையிலோ பள்ளிக்கூட வராந்தாவிலோ விரித்து வைப்போம். ஊர்க்காரர்களைக் கூப்பிடுவோம். அவரவர் வீட்டை அவரவரே விரல் வைத்துக் காட்டட்டும். மழைத் தண்ணி எந்தப் பக்கம் ஓடும், எந்தக் கிணறு வற்றாது, பிள்ளைகள் எந்த வழியாகப் பள்ளிக்கூடம் போகும் என்று சொல்லச் சொல்ல, சிவப்புப் பென்சிலில் குறித்துக்கொள்வோம். டோட்டல் ஸ்டேஷன் வைத்து நாம் எடுத்த ரீடிங்கில் இல்லாத எத்தனை சங்கதி அந்த ஒரு மணி நேரத்தில் ஷீட்டில் ஏறுகிறது என்று பாருங்கள். மார்க் போடுகிறார்களோ இல்லையோ, நாம் படித்த படிப்புக்கு அன்றுதான் அர்த்தம் வரும்!

— சிவில் பிரிவு, இறுதியாண்டு மாணவன்